காருக்கு ஸ்பீக்கர் வாங்கும் முன்...



அரங்கத்திற்கு வந்த கேள்விகளில் ஒன்று, புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டது: "கார் ஸ்பீக்கர் கரகரக்கிறது. புதிது வாங்க எதைப் பார்க்க வேண்டும்?" சின்னக் கேள்விதான். ஆனால் தோட்டத்துச் சம்பளத்தில் முந்நூறு, நானூறு வெள்ளி சின்னக் காசு இல்லை. அதனால் இன்று இதையே பேசுவோம்.

முதலில் நான் ஏமாந்த கதை. அப்பாவின் பழைய சாகாவில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு கடையில், "இது 300 வாட்ஸ், அக்கா" என்றார்கள். நம்பி 280 வெள்ளி கொடுத்தேன். மறுநாள் காலை செய்தி கேட்ட அப்பா, "என்னம்மா, பழசே தேவலை போலிருக்கே!" என்றார். உண்மைதான். சத்தம் முன்பை விடக் குறைந்திருந்தது. கூட்டி வைத்தால் செய்தி வாசிப்பவர் குரல் பிளந்தது.

கோளாறு ஸ்பீக்கரில்தானா?

வாங்கும் முன் இதைச் சோதியுங்கள். ரேடியோவில் உள்ள பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் திருகி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எது கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கும்போது மட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தால், பெரும்பாலும் ஒயர் தளர்ந்திருக்கும். அதற்குப் புது ஸ்பீக்கர் தேவையில்லை.

கழற்றிப் பார்க்கும்போது கூம்பின் ஓரத்தைக் கவனியுங்கள். பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது நுரைப் பஞ்சு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் ஓரம் உள்ளதை வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும்.

வாட்ஸ் மாயம்

பெட்டியில் பெரிதாக அச்சடித்த 300 வாட்ஸ் என்பது ஒரு நொடி தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

காரில் உள்ள சாதாரண ரேடியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்ஸ்தான். முகப்பில் 50 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் நிலைமை இதுவே. எனவே தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவருக்கு 300 வாட்ஸ் ஸ்பீக்கரால் பயனில்லை.

அவர் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அந்த எண். 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்திற்கு இரு மடங்கு மின்சாரம் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தருவதை, 84 டெசிபல் ஸ்பீக்கர் தர 80 வாட்ஸ் வேண்டும். அப்பாவின் காரில் நடந்தது இதுதான். ரேடியோவை மாற்றாதவர்கள் 90 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேடுங்கள்.

அடுத்தது ஓம். பெரும்பாலான கார் ரேடியோக்கள் 4 ஓமுக்கானவை. ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கத்துப் பக்கமாகச் சேர்த்தால் 2 ஓமாகிவிடும். ரேடியோ சூடேறிக் கெட்டுப் போகலாம்.

அளவும் ஆழமும்

ஆறரை அங்குலம், ஆறுக்கு ஒன்பது என்று அளவுகள் உண்டு. அகலம் பொருந்தினால் மட்டும் போதாது. கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்து, உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கக் காந்தம் கண்ணாடியில் இடிக்கும்.

பொருத்தும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து, மத்தளச் சத்தமே காணாமல் போகும். காரின் பழைய ஒயரை வெட்டாமல், இணைப்புச் சொருகி போடச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்பீக்கரைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். நான் கடையிலேயே விட்டு வந்தேன், பிறகு வருந்தினேன்.

கடையில் அதிரடிப் பாட்டைப் போட்டுக் காட்டினால் மயங்க வேண்டாம். ரேடியோ செய்தியை வைக்கச் சொல்லுங்கள். நாம் தினமும் கேட்பது மனிதக் குரல். அது தெளிவாக இருந்தால் பாட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காதும் சாலையும்

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையிடச் சத்தத்திற்கு நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள் வைத்த எல்லை, நாளுக்கு எட்டு மணி நேரத்திற்கு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகும்: 88 டெசிபலுக்கு நான்கு மணி நேரம், 91 டெசிபலுக்கு இரண்டு மணி நேரம். கெட்டுப் போன காது திரும்ப வராது. அதற்கு மாற்று ஸ்பீக்கர் கிடையாது.

இன்னொன்று. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா சாலைகளில் செம்பனை லோரிகள் ஓடுகின்றன. தோட்டத்துச் சந்துகளிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் திடீரென்று வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹாரன் கேட்காத அளவுக்குப் பாட்டு வைத்தால், ஆபத்து நமக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

அப்பாவின் காருக்குப் பிறகு 92 டெசிபல், 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஸ்பீக்கர் போட்டோம். விலை முன்னதில் பாதிதான். இப்போது செய்தியைப் பாதிச் சத்தத்தில் கேட்கிறார்.

தம்பி, கடைக்குப் போகுமுன் நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: அளவு, ஆழம், ஓம், சென்சிடிவிட்டி. பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.