தெருவுக்கு வருகிறாள் முல்லை

செருப்பைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் செருப்பு தரையில் இருக்கக்கூடாது! ஜன்னல் திண்டில் இரண்டு ஜோடி, மீட்டர் பெட்டி மேல் ஒன்று, மதில்மேல் பள்ளிக்கூட ஷூ. மதுரையில் ஒரு சாதாரணத் தெரு. விடிய இன்னும் நேரமிருக்கிறது. கேட்டுக்கு அந்தப்பக்கம் நாலரை மாத ராஜபாளையம் குட்டி ஒன்று, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து நம் வாசனையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பெயர் முல்லை. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம், உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்ட கால்கள். இன்று காலை முதன்முறையாக அவள் தெருவில் நடக்கப்போகிறாள். தெரு பார்க்கப்போவது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இந்த வீடு படும் பாடு முழுவதையும் பார்க்க நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வாருங்கள், வாருங்கள்!

கல்லூரியில் படிக்கும் மகள்தான் இங்கே தலைமைப் பயிற்சியாளர். "உள்ள வந்ததும் குனிஞ்சு கொஞ்சிறாதீங்க. அவ உக்கார்ற வரைக்கும் கண்டுக்கவே கூடாது" என்கிறாள். கேட் திறக்கிறது. முல்லை நம் நெஞ்சுக்குக் குறிவைத்துப் பாய்கிறாள். உடனே அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பையன்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். மகளும் திரும்புகிறாள். நாமும் திரும்புகிறோம். பெரியவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்கும் அந்தக் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்! முல்லை குழம்பிப்போய் நாலு காலையும் தரையில் ஊன்றிப் பொத்தென்று உட்கார்கிறாள். அந்த நொடியில் அத்தனை பேரும் திரும்பி, "வெரி குட்!" இன்று தோளில் ஏறுவது விளையாட்டு. ஒரு வருஷம் கழித்து, 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் நாய் அதையே செய்தால் பாட்டி கீழே விழுந்துவிடுவார். அதனால்தான் இப்போதே இந்தச் சுவர் நாடகம்.

இப்போது கொல்லைப்பக்கம் போகலாம், சத்தம் போடாமல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு அப்பா நிற்கிறார். முல்லை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடிக்கிறாள். யாரும் பேசவில்லை. அப்புறம்... போய்விட்டாள்! அப்பா கிசுகிசுப்பாகப் பாராட்டி, அவித்த கோழித் துண்டு ஒன்றை அங்கேயே வாயருகே நீட்டுகிறார். உள்ளே வந்து கொடுத்தால் பாராட்டு எதற்கென்று குட்டிக்குப் புரியாது. வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் குட்டியால் அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. வந்த புதிதில், இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது, நடுராத்திரியில் எழுந்து வருவதற்கு முறைவைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் பாட்டியின் பெயர் இல்லை. ஆனால் அதிகமாக எழுந்தவர் அவர்தானாம்!

ஹாலைப் பாருங்கள். பளபளப்பான டைல்ஸ் தரை முழுக்கப் பழைய பாயும் மிதியடியும் கால்சாக்கும். விருந்தாளிகளுக்கு விநோதமாகத் தெரியும், முல்லைக்கு அதுதான் பாதுகாப்பு. வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகள் வழுக்கி வழுக்கி விழுந்தால் இடுப்பும் மூட்டும் பாதிக்கப்படும். மாடிப்படியின் அடியில் பலகை அடித்து மறித்திருக்கிறார்கள். எலும்பின் வளர்நுனிகள் மூடி உறுதிப்படுவதற்கு ஒரு வயதோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை மாடி ஏறி இறங்குவதற்கும், உயரத்திலிருந்து குதிப்பதற்கும் தடை. சார்ஜர் ஒயர்களெல்லாம் பரணுக்குப் போய்விட்டன. நாற்காலிக் கால்களில் வேப்பெண்ணெய் மணக்கிறது. அதையும் மீறிக் கடித்த தடம் ஒன்று சோபாவின் மூலையில் இருக்கிறது. யார் கேட்டாலும் அம்மா அதைப் பெருமையாகக் காட்டுகிறார்.

கடிக்காமல் என்ன செய்வாள்? பல் விழும் பருவம். குட்டிக்கு 28 பால் பற்கள். நாலு மாதத்திலிருந்து அவை விழ ஆரம்பித்து 42 பற்கள் முளைத்தாக வேண்டும். ஈறு ஊறும், வலிக்கும். ஃப்ரீசரைத் திறந்து காட்டுகிறார் அம்மா: ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு நனைத்து உறையவைத்த பழைய துண்டுகள்! கையைக் கவ்வினால் கையை வெடுக்கென்று இழுப்பதில்லை, அடிப்பதில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டுத் துண்டைக் கொடுக்கிறார்கள். பள்ளியில் படிக்கும் தம்பி நம் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பொக்கிஷத்தைக் காட்டுகிறான். பாட்டியின் காலியான குங்குமச் சிமிழுக்குள் அரிசி அளவில் ஒரு பால் பல். வீடு கூட்டும்போது கிடைத்ததாம்.

அடுத்து அடுக்களை. இங்கேதான் இந்த வீட்டின் பெரிய போர் நடக்கிறது. "எலும்பு எலும்பா இருக்கா, ஒரு கரண்டி நெய் விட்டா என்ன?" என்கிறார் பாட்டி. பேத்தி பாட்டியின் கையைப் பிடித்து முல்லையின் விலாவில் வைக்கிறாள். "தடவிப் பாரு அப்பத்தா, எலும்பு கைக்குத் தட்டுப்படணும். அதான் சரியான உடம்பு." பெரிய இனக் குட்டியைக் கொழுகொழுவென்று வளர்த்தால், உறுதிப்படாத எலும்பு அந்த எடையைத் தாங்கவேண்டி வரும். சரிவிகித உணவு கொடுக்கும்போது மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றுவதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அளந்துதான் சாப்பாடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. கிஸ்மிஸ் போட்ட சர்க்கரைப் பொங்கல் இருக்கும் தட்டு இப்போது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. பாட்டி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். அவித்த முட்டையை உடைத்துப் போடும் உரிமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை!

இப்போது பயிற்சி. ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடையாது, அதற்குள் முல்லைக்குக் கவனம் சிதறிவிடும். 'உட்கார்', 'இரு', 'வா'. எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்லவேண்டும் என்று வீட்டுக்கே தேர்வு வைத்திருக்கிறாள் மகள். தம்பி ஒரு மூலையில், அம்மா எதிர்மூலையில். "முல்லை, வா!" காது பறக்க ஓடிவருகிறாள், நிற்கத் தெரியாமல் அம்மாவின் முழங்காலில் மோதுகிறாள், அம்மா சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு பாதத்தைத் தொட்டு, காதைப் புரட்டி, வாயைத் திறந்து பார்க்கிறார்கள். தினமும் செய்வதால் மருத்துவரின் கை அவளுக்குப் புதிதாகத் தெரியாது. விரலிடுக்கில் உண்ணி இருந்தாலும் அப்போதே சிக்கிவிடும்.

ராஜபாளையம் நாய் வீட்டாரிடம் உயிரை வைக்கும், அந்நியரை எளிதில் நம்பாது. காவலுக்கு அந்தக் குணம் வேண்டும்; ஆனால் பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பார்த்து மிரளக்கூடாதே! குட்டியின் மனம் புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்வது பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான். தடுப்பூசி முடிவதோ அதற்குப் பிறகுதான்; அதுவரை தெருவில் இறக்கிவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே இந்த வீடு கண்டுபிடித்த வழி அப்பாவின் தோள்! தோளில் உட்கார்ந்தபடியே முல்லை தெருமுனை, ஆட்டோ, ஹெல்மெட், குடை, பூக்காரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் ஒரு கோழித் துண்டு. போனில் வெடிச் சத்தம், முதலில் மெல்லிசாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரக்க. தீபாவளிக்கு இப்போதே ஒத்திகை நடக்கிறது!

குட்டியைத் தேர்ந்தெடுக்கப் போனபோதே மகள் ஒரு வேலை செய்திருக்கிறாள். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறாள். முழு வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு, ராஜபாளையத்திலும் இருக்கிறது. முல்லை திரும்பிப் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள். எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்துவிட்டுத்தான் வந்தாள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற முதல் பாடத்தைக் குட்டிகள் ஒன்றுக்கொன்று அங்கேதான் சொல்லிக்கொடுத்துக்கொள்கின்றன.

மணி ஆறரை. நேரம் வந்துவிட்டது! பதினாறாவது வாரத்துத் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொன்ன இடைவெளியும் முடிந்துவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்திலேயே போட்டாயிற்று. அப்பா முல்லையின் கழுத்துப் பெல்ட்டுக்குள் இரண்டு விரலை நுழைத்து இறுக்கம் பார்க்கிறார். அம்மா குனிந்து புறங்கையைத் தார்ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுகிறார். கைக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும். காலை ரோடு குளிர்ச்சியாக இருக்கிறது. வெயில் ஏறினால் அந்த ரோஜா மூக்கு வெந்துவிடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். "பத்திரமாப் போயிட்டு வாடி" என்று நெற்றியைத் தடவி அனுப்புகிறார் பாட்டி. முல்லை வாசற்படியில் ஒரு கணம் தயங்கி, முன்னங்காலைத் தூக்கி, ரோட்டில் வைக்கிறாள். செயின் இறுகினால் மகள் நின்றுவிடுகிறாள், தளர்ந்தால் நடக்கிறாள். நின்று, நடந்து, நின்று, நடந்து, நாலு வீடு தாண்டுவதற்குள் மகளின் சட்டை வேர்வையில் ஒட்டிவிட்டது. டீக்கடையில் ஒருவர் சொல்கிறார்: "என்ன அழகா நடக்குது பாருங்க, பொறப்புலயே வந்த நடை!" அப்பா நம்மைப் பார்க்கிறார். நாமும் அவரைப் பார்க்கிறோம். சிரிப்பை அடக்க முடியவில்லை!

திரும்பி வந்ததும் முல்லை பாயில் சரிந்து தூங்கிப்போகிறாள். இந்த வயதில் நாளின் பெரும்பகுதி தூக்கம்தான். வீடு இப்போதுதான் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிக்கிறது. அப்பா தபால்தலை ஆல்பத்தைக் கொண்டுவருகிறார். 2005-இல் அஞ்சல்துறை இந்திய நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். தபால்தலை ஏறிய இனம், நம் ஊர் வெயிலுக்குப் பழகிய இனம். அது நம் வீடுகளில் வளர்வதைப் பார்ப்பதே ஒரு நிறைவு.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? வரட்டும். ஆனால் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: விடியற்காலையில் யார் எழுவது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, தினமும் காலையும் மாலையும் யார் நடத்திக் கூட்டிப்போவது? பத்து வருஷத்துக்கு மேல் நம்மோடு வாழப்போகும் உயிர் அது. நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடத்தான் போகிறோம் என்றால் பெரிய இன நாய் வேண்டவே வேண்டாம். மூன்றுக்கும் வீட்டில் பதில் இருந்தால், தாராளமாகக் கூட்டிவாருங்கள். செருப்பை மட்டும் முதல் நாளே மேலே ஏற்றிவிடுங்கள்!