புல் மேய்ந்த மாடா, குப்பை மேய்ந்த மாடா?

"பால் கெட்டியா இருக்கா?" "கறி இளசா இருக்கா?" வாங்கும்போது இந்த இரண்டைத்தான் கேட்கிறோம். "மாடு என்ன சாப்பிட்டது?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்! ஆனால் உங்கள் தட்டுக்கு வந்து சேரும் கொழுப்பு எப்படிப்பட்டது என்பது அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

மாட்டுக்கு நாலு அறை வயிறு. முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நம்மால் ஜீரணிக்க முடியாத புல்லின் நாரை அவைதான் நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்த வயிற்றில் திடீரென்று சோறு, கஞ்சி என்று கொட்டினால் அமிலம் ஏறிவிடும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தோடு பொங்கலை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கால்நடை டாக்டரைத் தேடி ஓடுகிற வீடுகள் உண்டே, அதற்கு இதுதான் காரணம்.

பச்சைப் புல்லில் என்ன விசேஷம்?

புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின் மாட்டின் கொழுப்பில் சேருகிறது. பசு நெய் மஞ்சளாக இருப்பது அதனால்தான். எருமை இந்தக் கரோட்டினை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் வெள்ளை. அடுத்தது ஒமேகா-3 கொழுப்பு. தானியம் தின்று கொழுத்த மாட்டைவிடப் புல் மேய்ந்த மாட்டின் கறியிலும் பாலிலும் இது அதிகம். வைட்டமின் 'ஈ'யும் கூடுதல். நடந்து மேய்கிற மாட்டுக்குக் கொழுப்பும் குறைவாகவே பிடிக்கும்.

ஆனால் அதிகம் என்றதும் ஆசைப்பட்டுவிடாதீர்கள்! 100 கிராம் மத்தி மீனில் கிடைக்கும் ஒமேகா-3யில் பத்தில் ஒரு பங்குகூடப் புல் மேய்ந்த மாட்டின் கறியில் இல்லை. இரும்புச்சத்து, பி-12, துத்தநாகம் ஆகியவை எந்த மாட்டுக்கறியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

நம்ம ஊர் மாடு எதில் சேர்த்தி?

அமெரிக்காவில் கறி மாடுகளைக் கடைசிச் சில மாதங்கள் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அதனால்தான் அங்கே 'புல் மேய்ந்தது' என்று லேபிள் ஒட்டித் தனி விலை வைக்கிறார்கள். நம் பக்கம் கறிக்கு வருபவை பெரும்பாலும் வேலை ஓய்ந்த காளைகளும் எருமைகளும்தான். மேய்ச்சல், வைக்கோல், தவிடு, புண்ணாக்கு என்று வளர்ந்தவை. கறியில் கொழுப்பு குறைவு, நார் முறுக்கு அதிகம்.

அப்படியானால் எல்லாமே புல் மேய்ந்ததுதானே? அதான் இல்லை! காய்ந்த வைக்கோலில் கரோட்டின் போய்விடும். ஒமேகா-3யும் பச்சையில்தான் வளம்.

மேய்ச்சல் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளே பாடம். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். குறைந்த மழையிலேயே காங்கயம் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நிலம் அது.

பெயரிலேயே உழவரை வைத்திருக்கும் நம் உழவர்கரையில், ரெட்டியார்பாளையத்திலும் லாஸ்பேட்டையிலும் இன்று மாடு மேய என்ன இருக்கிறது? மனைகளும் தெருக்களும்தான். அவிழ்த்து விட்ட மாடு குப்பைத் தொட்டியைத் தேடிப் போகிறது. சாம்பார் ஒட்டிய பாலிதீன் பையைப் பையோடு விழுங்குகிறது. அது ஜீரணமாகாது, பெரும்பாலும் வெளியே வருவதும் இல்லை. பெருவயிற்றில் சுருண்டு தங்கி, தீனி எடுக்க விடாமல் மாட்டை உருக்கிவிடும். ஆபரேஷன் செய்து கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் எடுப்பதும் உண்டு. சாக்கடை ஓரப் புல்லிலோ வேறு ஆபத்து: மனிதக் கழிவு கலந்த இடத்தில் மேயும் மாட்டின் தசையில் நாடாப்புழுவின் கூடு தங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* வீட்டில் மாடு இருந்தால் கட்டிப் போட்டுத் தீவனம் கொடுங்கள். கறவை மாட்டுக்குத் தினம் 20 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தேவை. கொஞ்சம் கொல்லை இருந்தாலும் கோ-4 புல், வேலிமசால், அகத்தி போடலாம். குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே யோசனை கேளுங்கள்.

* பால்காரரிடம் மாடு எங்கே மேய்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் எதுவானாலும் பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். காய்ச்சாத பாலில் காசநோய், புரூசெல்லா கிருமிகள் இருக்கலாம்.

* மாட்டுக்கறியை டாக்டர் பரிசோதித்து முத்திரை வைத்த கடையில் வாங்குங்கள். குக்கரில் உள்வரை நன்றாக வேக வையுங்கள். நாடாப்புழுக் கூடு அதில் பிழைக்காது. முறுக்கான கறிக்கு ஒரு துண்டு பப்பாளிக்காய் போதும்.

* அளவு முக்கியம். சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் தாண்ட வேண்டாம் என்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். அதிகச் சிவப்பு இறைச்சி குடல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவும் எச்சரித்தது. புல் மேய்ந்த மாடு என்பதற்காக இந்த அளவு கூடாது!

* சாப்பிடுகிறவரோ, பால் மட்டும் குடிக்கிறவரோ, எல்லோருக்கும் ஒன்று. மிச்ச உணவைப் பாலிதீன் பையில் முடிந்து தெருவில் வீசாதீர்கள். மாட்டுக்குக் கொடுக்க நினைத்தால் காய்கறித் தோலைக் கையாலேயே கொடுங்கள்.

இன்று மாலை மிச்சச் சோற்றைப் பையில் கட்டும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த மாட்டின் பால் நாளைக் காலை உங்கள் காபிக்கே வரலாம்!