இரைச்சலோடு போய்விடும் குரல்

பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரலை இன்று நாம் கேட்பது 78 சுற்று இசைத்தட்டுகளின் தயவால்தான். அந்தக் காலத்துத் தட்டுகள் மறுபதிப்பாகும்போது இரைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதையே தரத்தின் அளவுகோலாக்குவது தவறு. அரக்கோடு கல்மாவு கலந்தே தட்டு வார்த்தார்கள்; எஃகு ஊசியின் முனை தேய்ந்து பள்ளத்தில் படிய அந்தச் சொரசொரப்பு உதவியது. அதிலிருந்து எழும் ‘உஸ்’ ஓசை எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கிறது. பாடகரின் மூச்சும், ‘ச’, ‘ஷ’ உச்சரிப்பும், மேல் ஸ்தாயியின் பளபளப்பும் குடியிருப்பது அதற்குள்ளேதான். எது குரல், எது இரைச்சல் என்று மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். கடுமையாக வடிகட்டினால் ‘ச’ மழுங்கும், பிருகாவின் விளிம்பு கரையும், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் குரல் குழையும்.

இத்தனை இரைச்சலை இன்றைய இளைஞர் ஹெட்போனில் கேட்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீறலால் வரும் ‘டிக்’ சத்தம் நொடியில் ஒரு துளி நேரமே நீளும். இருபுறமும் உள்ள ஒலியைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். அதை நீக்கத் தயங்கவே வேண்டாம். தேயாத தட்டைத் தேடி, கழுவி, பள்ளத்துக்கேற்ற ஊசியில் ஓட்டினால் ‘உஸ்’ ஓசையும் கணிசமாகத் தணியும். இரைச்சல் பாடகர் பாடியதல்லவே என்பார்கள். உண்மைதான். ஆனால் சீரான இரைச்சலைக் காது சற்று நேரத்தில் தானே ஒதுக்கிவிடுகிறது. மழுங்கிப்போன ‘ச’வைக் காதால் மீட்க முடியாது. ஆகவே வடிகட்டாத பிரதியையும் பதிப்பாளர்கள் கூடவே தர வேண்டும்.