டிராகன் வருது, கம்பைப் பிடி!

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்துக்கு வெளியே, ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்துவிட்டோம்! குழந்தைகளோடு பார்க்கிற டிராகன் படம் ஒன்றின் அடுத்த பாகம் இங்கே தயாராகிறது. வெளியாகும்வரை படத்தின் பெயரைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறேன். சத்தமில்லாமல் என் பின்னால் வாருங்கள். கேபிள் கிடக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

அதோ கோட்டை! பல நூறு வருஷ மழை பார்த்த கல் மாதிரி இருக்கிறதா? தட்டிப் பாருங்கள், டொக் டொக். பின்பக்கம் போனால் பிளைவுட், முட்டுக் கொடுத்த சட்டங்கள், ஆணி டப்பா, யாரோ பாதி தின்று வைத்த சாண்ட்விச். ஏணிமேல் நிற்கும் பெயிண்டர் அம்மா பச்சைச் சாயத்தில் ஸ்பாஞ்சை முக்கி ஒற்ற ஒற்ற, சுவரில் பாசி படர்கிறது. நேற்று இதே சுவர்தான் மடாலயம்!

வீரர்களின் இரும்புச் சட்டையைத் தொட்டேன். தடித்த நூலில் பின்னி வெள்ளிப் பெயிண்ட் அடித்தது! அதற்குள் வியர்வை ஆறாக ஓடுகிறது. மொத்தப் படையும் ஏழெட்டுப் பேர்தான். நீல அங்கி போட்டால் ராஜாவின் படை, தோலைப் போர்த்தினால் எதிரிப் படை. "காலையில் துரத்தினேன், மத்தியானம் நானே ஓடினேன். இன்னும் என்னிடம் சிக்கவில்லை" என்கிறார் ஒருவர். சுற்றி நிற்பவர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள்.

"டிராகன் ரெடியா?" என்று குரல் வந்ததும் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. வந்தவர் ஓர் இளைஞர். கையில் நீளக் கம்பு, நுனியில் டென்னிஸ் பந்து. அதுதான் டிராகனின் கண்! உடம்பும் இறக்கையும் பிறகு கம்ப்யூட்டரில் முளைக்கும். பந்து இம்மி நகர்ந்தாலும் நடிகர்களின் பார்வை ஆளுக்கொரு பக்கம் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். 'கட்' என்றதும் யாரோ ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துவிடுகிறார்கள்.

டிராகனின் வசனத்தைப் படிப்பது ஓர் உதவி இயக்குநர். பாவம், கடும் ஜலதோஷம். "மானிடனே, என்னை நம்பு..." என்று கர்ஜித்துவிட்டு ஒரு தும்மல்! ஹீரோ முகம் மாறாமல் மண்டியிட்டே இருக்கிறார். நிஜக் குரல் பின்னால், ரெக்கார்டிங் அறையில் சேரும். 'டிராகன்ஹார்ட்' பட வரிசையின் குரல்களைப் பாருங்கள். தியேட்டருக்கு வந்த முதல் பாகத்தில், 1996இல், டிராகனுக்கு ஷான் கானரியின் குரல். பிறகு வந்த பாகங்கள் வீட்டில் பார்க்கும் வீடியோவுக்கென்றே சிக்கனமாக எடுத்தவை. ஆனாலும் குரலில் குறை வைக்கவில்லை! இதே ருமேனியாவில் எடுத்த 2015 படத்துக்கு பென் கிங்ஸ்லி, 2017இல் பேட்ரிக் ஸ்டூவர்ட், 2020இல் ஹெலனா பான்ஹம் கார்ட்டர்.

இப்போது ஒரு சிறுமி டிராகனைக் கட்டிக்கொள்ளும் காட்சி. கட்டிக்கொள்ளப் பச்சை ஃபோமில் ஒரு மூக்கு மட்டும் செய்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கம்பு பிடிக்கும் அண்ணன் அந்த மூக்குக்குப் பின்னால் குனிந்து, தூங்கும் பூனையைப் போல மெல்ல உறுமுகிறார். அவ்வளவுதான், குழந்தையின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்!

டிராகனை முழுசாகக் காட்டினால் செலவு எகிறும். அதனால் புகைக்குள் ஒரு வால், சுவரில் ஒரு நிழல், பெரிய ஃபேனில் இறக்கைக் காற்று. வைக்கோல் பறந்து ராணியின் வாய்க்குள் போக, இன்னொரு டேக்! ஷாட் முடிந்ததும் வெளிச்சத்தைப் பதிவு செய்யக் கண்ணாடிப் பந்து ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் கோணலாகத் தெரியும் தங்கள் முகங்களுக்கு ராஜாவும் எதிரியும் சேர்ந்து பழிப்புக் காட்டுகிறார்கள்.

காசு குறைந்த இடத்தில் டிராகனை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமக்கிறார்கள்: ஒருவர் கண், ஒருவர் குரல், ஒருவர் மூச்சு. அடுத்த முறை வீட்டில் டிராகன் படம் ஓடினால், டிராகனை விட்டுவிட்டு நடிகர்களின் கண்களைப் பாருங்கள். எல்லாப் பார்வையும் ஒரே இடத்தில் குவிந்தால், கம்பு பிடித்த அந்தத் தம்பிக்குச் சத்தமாக ஒரு கைதட்டல் கொடுங்கள்!