வில்லன் யார்?

வகுப்பிலே ஒருநாள் நன்னூற் பெயர்ப்பகுபதங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பற்றிப் பெயர்கள் பிறக்குமாற்றை விளக்கிவிட்டு, உதாரணங் கூறுமாறு மாணாக்கரைக் கேட்டேன். பொருட்பெயருக்கு ஒருவன் "வில்லன்" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சினிமாவிலே கதாநாயகியைக் கடத்திச் செல்பவனே அவர்கள் மனக்கண்முன் தோன்றினான் போலும்.

"சிரியாதீர்கள், வில்லை உடையவன் வில்லன். அவன் கூறியது இலக்கணப்படி சரியே" என்றேன். பின்வாங்கிலிருந்த ஒருவன் விடவில்லை. "அப்படியாயின் படத்தில் வரும் வில்லன் எந்தப் பெயர், ஐயா?" என்று வினவினான். நாளை கூறுவேன் என்று அன்று தப்பிக்கொண்டேன்.

அன்றிரவு ஆங்கில அகராதிகளைப் புரட்டியபோது எனக்கு வியப்பே மேலிட்டது. சினிமா வில்லன் பிறப்பால் இடப்பெயர்! இலத்தீனிலே 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணையைக் குறிக்கும். பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. அதுவே பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்து வில்லன் ஆயிற்று. நோர்மானியர் 1066 இல் இங்கிலாந்தை வென்றனர். அந்நாட்டு நிலங்களையும் குடிகளையும் அவர்கள் 1086 இற் கணக்கெடுத்து எழுதுவித்த 'டூம்ஸ்டே' ஏட்டிலே இவ்வில்லன்மாரே மிகப் பெருந்தொகையினராகக் காணப்படுகின்றனர். அவர்கள் எவரையும் கடத்தியவர்கள் அல்லர்; பிரபுவின் நிலத்திலே கூலியின்றி உழைத்து, அந்நிலத்தோடு பிணிக்கப்பட்டு வாழ்ந்த உழவர்கள்.

உழவன் கொடியவன் ஆனது எங்ஙனம்? சொல்லை ஆண்டவர்கள் மாளிகையில் இருந்தவர்கள். அவர்கள் வாயிலே 'வில்லன்' என்பது முதலில் நாகரிகமறியாதவனைக் குறித்தது. பின்னர் இழிகுணத்தானையும், அதன்பின் கொடுமை செய்வோனையும் குறித்தது. ஈற்றிலே நாடகத்தில் நாயகனுக்கு மாறானவனின் பெயராய் நிலைத்துவிட்டது. இடப்பெயர் குணப்பெயராகியது. பழைய உழவனைக் குறிக்கும் வரலாற்றாசிரியர் இன்று எழுத்தைச் சிறிது மாற்றி எழுதுவர், ஒலியில் வேறுபாடில்லை.

இஃது ஒரு சொல்லுக்கு மாத்திரம் நேர்ந்த விதியன்று. 'சேர்ல்' என்பவன் நோர்மானியர் வருமுன் பிரபுக்களுக்கு அடுத்த நிலையிலிருந்த சுதந்திரக் குடிமகன். பின்னர் அவன் முரடனானான். 'நேவ்' என்றால் ஆதியிற் சிறுவன், அப்பால் ஏவலாள், அதற்கும் அப்பால் வஞ்சகன். சீட்டுக்கட்டிலே இன்று ஜாக் எனப்படுபவனுக்கு முன்பு நேவ் என்றே பெயர். நம்மவர் ஆடும் 304 ஆட்டத்திலே அந்த ஏவற் சிறுவனுக்கு 30 புள்ளி, இராசாவுக்கு 3 புள்ளி என்பதை நினைக்கும்போது, சொல்லிலே இழந்ததை அவன் சீட்டிலே மீட்டுக்கொண்டான் என்று சொல்லத் தோன்றுகின்றது.

மேலோரைக் குறித்த சொற்களோ எதிர்த்திசையிற் சென்றன. 'ஜென்ரில்' என்றால் முன்னர் உயர்குடிப் பிறந்தவன், இப்பொழுது மென்மையுடையவன். 'ஜெனரஸ்' என்பதும் ஆதியிற் குடிப்பிறப்பையே குறித்தது; இப்பொழுது வள்ளன்மையைக் குறிக்கின்றது. சமூகநிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிப்பனவாய் மாறும் இவ்வியல்பைச் சீ. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கிலப் பேரறிஞர், சொற்களை ஆராய்ந்து 1960 இல் வெளியிட்ட நூலொன்றிலே எடுத்துக்காட்டினார். பழைய ஆங்கில நூல்களைப் படிப்போர் இதனை மறத்தலாகாது. தெரியாத சொல்லுக்கு அகராதியைத் தேடுவோம்; தெரிந்த சொல்லோ நம்மை ஏமாற்றிவிடும்.

என்னை மிகவும் உறுத்திய சொல் 'லூட்' என்பது. இன்று அஃது ஆபாசத்தைக் குறிக்கும். ஆதியிலோ குருமாரல்லாதவன் என்பதே அதன் பொருள். குருமாரல்லாதவன் எழுத்தறியாதவனானான், எழுத்தறியாதவன் கீழ்மகனானான், கீழ்மகன் காமுகனானான். கல்லாதவன் மீது கற்றவன் எழுதிய தீர்ப்பு அது.

ஆங்கிலேயரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. திருக்குறளிலே உழவுக்கெனத் தனி அதிகாரமே உண்டு. ஆயினும், 'பட்டிக்காட்டான்' என்று நாம் ஒருவரை ஏசுவதில்லையா? பட்டிக்காடு ஊர், பட்டிக்காட்டான் இடப்பெயர். அதனை நாமும் குணப்பெயராக்கி விட்டோம். மூலைக்கு மூலை மை சிந்திய கொப்பியைக் கண்டு நானே அச்சொல்லை வகுப்பிற் பலமுறை எறிந்திருக்கிறேன்.

மறுநாட் கரும்பலகையிலே இடப்பெயர் என்னும் தலைப்பின்கீழ் 'வில்லன்' என்று எழுதி, இக்கதையைச் சொன்னேன். பின்வாங்கு மாணாக்கன் எழுந்தான். "அப்படியாயின் எங்கள் அப்புவும் வில்லன்தான், ஐயா; அவர் தோட்டஞ் செய்கிறார்" என்றான். வகுப்புச் சிரித்தது; அவனும் சேர்ந்து சிரித்தான். மை சிந்திய கொப்பிகளுள் அவனுடையதும் ஒன்று. அன்றுதொட்டுப் பட்டிக்காட்டான் என்னுஞ் சொல்லை நான் வகுப்பில் ஆண்டதில்லை.