அலுமாரியில் சேரும் நூலை என்ன செய்யப் போகிறீர்கள்?

சகோதரியே, உங்கள் அலுமாரியின் கீழ்த் தட்டில் ஒரு நூல் பை இருக்கிறதா? முன்பு ஒரு பைதான் இருந்திருக்கும். இப்போது கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியும் சேர்ந்திருக்கும். புறக்கோட்டைக்குப் போன அன்று மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய நாலு உருண்டை, வெளிநாட்டிலிருந்து வந்த மதினி தந்த இரண்டு, பிள்ளைக்குச் சட்டை பின்னி மிஞ்சிய அரைவாசி, பாடசாலைக் கைவேலைக்கென்று வாங்கி மகள் ஒரு முழம் மட்டும் வெட்டியெடுத்த சிவப்பு. நூல் வாங்குவது ஆசை. பின்னுவது வேலை. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. "இன்னும் நூலா?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது நமக்குப் பதில் வராமல் போவதும் அதனால்தான்.

2022இல் டொலர் நெருக்கடி வந்தபோது இறக்குமதிச் சாமான்களின் விலை எப்படி ஏறியது என்பதை எந்தக் குடும்பப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். வீட்டில் கிடக்கும் நூலும் காசுதான். ஆனால் அந்தக் காசை எதில் போடுவது என்று தீர்மானிக்கத்தான் நமக்கு வருவதில்லை. படப் புத்தகத்தைப் புரட்டி அழகான சட்டையொன்றைக் கண்டு ஆசைப்படுகிறோம். அதற்கு வேண்டிய நூல் நம்மிடம் இல்லை. திரும்பவும் கடைக்குப் போகிறோம். பை இன்னும் பெருக்கிறது. இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் நூலைப் பாருங்கள், பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். நிறம் பார்த்துப் பிரிக்கத்தான் கை போகும். அதை விடுங்கள். எதனாலான நூல் என்று பார்த்துப் பிரிப்பதுதான் முதல் வேலை. லேபிள் இருந்தால் கஷ்டமில்லை. இல்லாவிட்டால் நாலு அங்குல நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி கடதாசி எரிவது போல் மணக்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுத்த கட்டியாக இறுகிப் போகும்.

ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்பீர்கள். அக்ரிலிக் நூலில் சட்டி பிடிக்கும் துணி பின்னிக் குசினியில் தொங்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடான சட்டியில் அது உருகிக் கையில் ஒட்டும். அடுப்படிக்குப் பருத்திதான், அதுவும் தடிப்பாக இரட்டையாகப் பின்னியது. தூய கம்பளியில் குழந்தைக்குச் சட்டை பின்னிக் கொடுத்தால், பெற்ற தாய் அதைச் சுடுதண்ணீரில் போட்டு அலசுவாள். சட்டை இறுகிச் சுருங்கிப் பொம்மைக்குத்தான் அளவாக இருக்கும். பிள்ளைப்பெற்ற வீட்டில் தனியாகத் துணி அலசிக் கொண்டிருக்க யாருக்கு நேரம்? அங்கே அக்ரிலிக் அல்லது பருத்தியே நல்லது.

ஊரையும் யோசிக்க வேண்டும். நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் கம்பளிச் சட்டைக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. கொழும்பிலும் காத்தான்குடியிலும் அதை யார் போடுவது? கரையோரத்தில் இருப்பவர்கள் தம்மிடமுள்ள கம்பளியை மலைநாட்டு உறவினருக்கோ, குளிர் நாட்டில் படிக்கும் பிள்ளைக்கோ என்று ஒதுக்கி வைக்கலாம். வீட்டுக்குப் பருத்தியில் தொழுகைத் தொப்பி, பை, மேசை விரிப்பு என்று போகலாம்.

அடுத்தது அளவு. குசினித் தராசில் ஒவ்வொரு உருண்டையையும் நிறுத்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நூலோடு செருகி வையுங்கள். டபுள் நிட்டிங் பருமனுள்ள நூலில் பிறந்த குழந்தையின் தொப்பிக்கு ஏறத்தாழ 30 கிராம் போதும். சின்னஞ்சிறு சட்டைக்கு 100 முதல் 150 கிராம் வரை. பெரியவருக்கு முழுக்கைச் சுவெட்டர் என்றால் 450 முதல் 600 கிராம் வரை விழுங்கும். இந்தக் கணக்குத் தெரிந்தவுடனேயே பாதிக் குழப்பம் தீரும். 80 கிராம் நீலத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குச் சுவெட்டர் கனவு காண மாட்டீர்கள். ஒன்றை மட்டும் மறந்து விடாதீர்கள்: பருத்தி நூல் பாரமானது. ஒரே நிறையில் கம்பளியை விட நீளம் குறைவாகத்தான் வரும். கம்பளிக்குச் சொன்ன கிராம் கணக்கைப் பருத்திக்கு அப்படியே எடுத்தால் கடைசிக் கையில் நூல் முடிந்துவிடும்.

எவ்வளவு பின்ன முடியும் என்று தெரியாத ஒற்றை உருண்டைக்கு ஒரு வழி உண்டு. மூலையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று கண்ணியில் ஆரம்பித்து, வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே நேர்ப்பின்னலாகப் போங்கள். உருண்டை 50 கிராம் என்றால், தராசில் 25 கிராம் காட்டும் இடத்தில் குறைக்கத் தொடங்குங்கள். நூல் முடியும்போது சதுரமும் முடிந்திருக்கும். அதற்குச் சற்று முன்பே குறைக்கத் தொடங்கினால் இன்னும் நல்லது. இப்படிச் சேர்ந்த சதுரங்களை இணைத்தால் போர்வை. பருமன் வேறுபட்ட நூல்களை ஒரே போர்வையில் போடாதீர்கள், ஓரம் இழுத்துக் கொள்ளும். மெல்லிய 4 இழை நூல் என்றால் இரண்டைச் சேர்த்துப் பிடியுங்கள். ஏறத்தாழ டபுள் நிட்டிங் பருமனோ அதைவிடச் சற்றுக் கூடவோ வரும்.

நிறம் பொருந்தவில்லை என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எகிப்தில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான பருத்திக் காலுறைகள், உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களுள் அடங்கும். அவற்றிற் சில நீலமும் வெள்ளையும் என்ற இரண்டே நிறத்தில் பின்னப்பட்டவை. ஸ்பெயினின் பூர்கோஸ் நகரில் லாஸ் ஹுவெல்காஸ் மடத்தில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையிலிருந்து பட்டு நூலில் பின்னிய தலையணை உறையொன்று எடுக்கப்பட்டது. முஸ்லிம் கைவினைஞர்களின் வேலை என்று கருதப்படும் அதன் ஓரத்தில் பரக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கிறிஸ்தவ இளவரசனின் தலைக்குக் கீழே நம்மவர்களின் பின்னல்! அந்தக் கைகளுக்கும் நிறங்கள் அள்ளிக் கிடந்திருக்காது. உங்கள் துண்டு நூல்களையும் வெளிர், கடும் என்று இரண்டாகப் பிரித்து, வெள்ளையையோ சாம்பலையோ எல்லாவற்றுக்கும் நடுவில் ஓட விடுங்கள். ஒன்றோடொன்று சேராத நிறங்களும் அமைதியாகி விடும். கடும் சிவப்பு, கருநீலப் பருத்தியை மட்டும் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

ஒரே நிறத்தில் பழைய உருண்டையும் புதிதும் இருந்து சாய எண் வேறாக இருந்தால், பகலில் தெரியாது போலிருந்தாலும் பின்னிய பின் கோடாகக் காட்டிக் கொடுக்கும். இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

பிறக்கப் போகும் குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பெரிய பெரிய துளையுள்ள பின்னல் அழகுதான், ஆனால் குழந்தையின் விரல் அதில் சிக்கும். உள்பக்கத்தில் தொங்கும் நூல் கால்விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தையே நிறுத்தி விடலாம். பிள்ளை ஏன் அழுகிறது என்று தெரியாமல் வீடே திண்டாடும். நுனிகளை உள்ளே இழுத்துத் தைத்து ஒட்ட வெட்டுங்கள். கழுத்தில் நாடா வேண்டாம், இலகுவில் கழன்று விழும் பொத்தான் வேண்டாம். தூங்கும்போது தொப்பியைக் கழற்றி விடச் சொல்லுங்கள்.

சில பைகளில் இன்னொன்றும் இருக்கும். உம்மா வைத்துப் போன நூல். ஊசியில் பாதியில் நிற்கும் பின்னல். அதைத் தொடவும் மனம் வராது, தூக்கி வைக்கவும் இடம் இராது. அவசரப்பட வேண்டாம். ஆனால் ஊசியை மட்டும் இன்றைக்கே கழற்றி விடுங்கள். கடற்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்துக் கறை ஏற்றும். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பருத்தி நூலில் கோர்த்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, துணிப் பையில் சுற்றி வையுங்கள். பொலித்தீனுக்குள் ஈரம் தங்கும். கம்பளியானால் அந்துப் பூச்சி வராமலிருக்க இடைக்கிடை எடுத்து உதறி வெயில் காட்டுங்கள். என்றைக்காவது அதைத் தொடர்ந்து பின்ன நினைத்தால், உங்கள் கை இறுக்கமும் அவருடைய கை இறுக்கமும் ஒன்றாக இராது. அவர் விட்ட இடமும் நீங்கள் எடுத்த இடமும் தெரியும். தெரியட்டும். அதற்காக அவர் பின்னியதைப் பிரித்துத் திரும்பப் பின்னாதீர்கள்.

மற்றப்படி பிரிப்பதில் தவறில்லை. 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்குக் கூப்பன் முறை இருந்த காலத்தில், பழைய சுவெட்டர்களைப் பிரித்துப் புதிதாகப் பின்னும்படி அரசாங்கமே பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பிரித்த நூல் சுருண்டு கிடக்கும். நாற்காலி முதுகில் சுற்றி நாலு இடத்தில் கட்டி, நனைத்துக் காயவிட்டால் நேராகி விடும். உங்களுக்குப் பிடிக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த நூலை, பின்னப் பழகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து விடுங்கள். வைத்திருந்தாலும் நீங்கள் அதைத் தொடப் போவதில்லை.

பின்னிக் கொண்டிருக்கும்போது உருண்டை சிறுத்து, இன்னும் இரண்டு வரிசைக்குக் காணுமா என்று சந்தேகம் வரும் இடம் ஒன்று உண்டு. மிஞ்சிய நூலை இரண்டாக மடித்து நடுவில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போடுங்கள். ஒரு வரிசை பின்னுங்கள். முடிச்சு இன்னும் ஊசிக்கு வரவில்லையென்றால் அடுத்த வரிசைக்கும் நூல் இருக்கிறது. முடிச்சு வரிசை முடிய முன்பே வந்துவிட்டால் அந்த நிறத்தை அங்கேயே நிறுத்தி, அடுத்த உருண்டையை எடுங்கள்.