வேன் ட்ரிப்புக்கு 90,000 ரூபாய் பேட்டரியா? முதல்ல இந்த ஒரு யூனிட் கணக்கைப் போடுங்க!



பொங்கல் முடிஞ்சு அறுவடையும் ஓய்ஞ்சா, நம்ம டெல்டா பக்கம் ஊர் சுத்த அருமையான நேரம். வேனில் பெட் போட்டு, தஞ்சாவூரில் கிளம்பி திருவையாறு, கும்பகோணம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரைன்னு நாலு நாள் போய்ட்டு வரலாம்னு நிறைய பேர் ஆசைப்படுறாங்க. ஆசை தப்பே இல்லை. ஆனா அந்த ஆசையில் முதல் செலவா என்ன பண்றாங்க தெரியுமா? 90,000 ரூபாய்க்கு ஒரு "போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்" வாங்குறாங்க. அதுவும் இஎம்ஐ-ல.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. பத்து நிமிஷ வேலைதான்.

உங்க வேனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?

கரண்ட் பில்லில் "யூனிட்"னு வருதே, அது 1,000 வாட் ஹவர். 10 வாட் பல்ப் 100 மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட். வாட்டை மணி நேரத்தால பெருக்கினா போதும். நாலு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு, ஒரு நாள் கணக்கு இது:

- நாலு செல்போன், ஃபுல் சார்ஜ்: சுமார் 100 வாட் ஹவர் (5,000 எம்ஏஎச் பேட்டரியில் 19 வாட் ஹவர்தான் இருக்கும், சார்ஜ் ஆகும்போது வீணாகிறதையும் சேர்த்து 25)
- ஒரு லேப்டாப், ஒரு தடவை: 70
- கேமரா பேட்டரிகள்: 40
- 15 வாட் டிசி ஃபேன் இரண்டு, ராத்திரி 8 மணி நேரம்: 240
- எல்இடி லைட் இரண்டு, 4 மணி நேரம்: 40

மொத்தம் 490. அதாவது அரை யூனிட்!

இதோட 12 வோல்ட்டில் ஓடுற சின்ன கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒண்ணு சேர்த்தா, நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொரு 500 வரும். ஆக, ஃப்ரிட்ஜோட சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு யூனிட். வீட்டில் ஐந்து ரூபாய் வாக்கில் கிடைக்கிற அதே ஒரு யூனிட். இந்த ஒரு யூனிட்டுக்குத்தான் 90,000 செலவு பண்ணலாமான்னு யோசிக்கிறோம்.

இண்டக்ஷன் அடுப்பும் ஏசியும் இந்தக் கணக்கில் கிடையாது. இண்டக்ஷன் 40 நிமிஷம் ஓடினாலே ஒரு யூனிட் போயிடும். ஏசி ராத்திரி முழுக்க ஓடினா ஐந்து யூனிட்டுக்கு மேல. சமையலுக்கு கேஸ், தூக்கத்துக்கு ஃபேன். இந்த முடிவை முதல்லயே எடுத்துட்டா பட்ஜெட் பாதிக்கு மேல குறைஞ்சுடும்.

இஎம்ஐ கணக்கு: ஒரு யூனிட் 2,100 ரூபாய்!

90,000 ரூபாயை 15% வட்டியில் 24 மாத இஎம்ஐ-ல வாங்கினா, மாசம் சுமார் 4,364 கட்டணும். மொத்தமா கட்டுறது 1,04,700 ரூபாய். வட்டி மட்டும் 14,700.

இப்ப உண்மையைச் சொல்லுங்க. வருஷத்துக்கு எத்தனை நாள் வேனில் தங்குவீங்க? பத்து நாள்னு வெச்சுக்குவோம். ஐந்து வருஷத்துக்கு 50 நாள். நாளைக்கு ஒரு யூனிட்னா 50 யூனிட். 1,04,700-ஐ 50 ஆல் வகுத்தா ஒரு யூனிட் கிட்டத்தட்ட 2,100 ரூபாய். கும்பகோணத்தில் அதைவிடக் குறைந்த வாடகைக்கு ஃபேன், லைட், சார்ஜர் பிளக், பாத்ரூம் எல்லாத்தோடயும் ரூமே கிடைக்கும்!

விற்கிறவங்க சொல்றது: "இந்த பேட்டரி 3,000 சைக்கிள் வரும் சார்." உண்மைதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி (எல்எஃப்பி-னு சொல்வாங்க) அத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கும். ஆனா நீங்க பத்து வருஷத்தில் 100 சைக்கிள்தான் பயன்படுத்துவீங்க. மீதி 2,900 சைக்கிள் அலமாரியில் கிடந்தே வயசாகிப் போகும். வருஷம் முழுக்க தங்கல் போட்டு வேலை பார்க்கிற அறுவடை மெஷின் டிரைவருக்கோ, வேனில் கடை வெச்சிருக்கிறவருக்கோ அது லாபம். வருஷத்துக்கு பத்து நாள் போற நமக்கு அது வீண்.

உங்க கிட்ட ஏற்கனவே ஒரு கரண்ட் மெஷின் இருக்கு

அதுதான் வேனோட ஆல்டர்னேட்டர். எப்படியும் டீசல் போட்டு ஓட்டப் போறீங்க. ஓடும்போது பேட்டரி ஏத்திக்கலாம். ஆனா சும்மா ஒயரை இழுத்து மாட்டக் கூடாது. வண்டியோட ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கும் உங்க இரண்டாவது பேட்டரிக்கும் நடுவுல "டிசி-டிசி சார்ஜர்"னு ஒரு பெட்டி இருக்கணும். எல்எஃப்பி பேட்டரியை நேரா ஆல்டர்னேட்டரில் கொடுத்தா, அது அளவுக்கு மீறி கரண்ட்டை இழுத்து ஆல்டர்னேட்டரையே சூடாக்கிடும்.

20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 260 வாட் ஹவர் ஏத்தும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியா தரங்கம்பாடி போக நூறு கிலோமீட்டர் சொச்சம், ரோட்டில் மூணு மணி நேரம். அதிலேயே 780 வாட் ஹவர் வந்துடும். ஃப்ரிட்ஜ் இல்லாத நம்ம அரை யூனிட் பட்ஜெட்டுக்கு இது தாராளம்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிடறேன். முதல் ட்ரிப்பில் இரண்டாவது பேட்டரி எதுவும் வைக்காம, ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் வண்டி பேட்டரியிலேயே மாட்டி ராத்திரி முழுக்க ஓட விட்டேன். விடிகாலையில் செல்ஃப் எடுக்கல. கோடியக்கரையில் மான் பார்க்கப் போன குடும்பம், மெக்கானிக் வர்ற வரைக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அன்னைக்குக் கொடுத்த காசில் நல்ல பவர் பேங்க் ஒண்ணு வாங்கியிருக்கலாம். ஸ்டார்ட்டிங் பேட்டரி வண்டியைக் கிளப்ப மட்டும்தான். மறந்துடாதீங்க.

இன்ஜினை நிறுத்தாம வெச்சு சார்ஜ் போடலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டு காரணம்.

முதல் காரணம் காசு. வண்டி நின்ன இடத்திலேயே ஓடினா, மணிக்கு முக்கால் லிட்டர் டீசல்னு வெச்சுக்கிட்டாலும், ஒரு யூனிட் ஏத்த நாலு மணி நேரம், மூணு லிட்டர். ஒரு யூனிட்டுக்கு 270 ரூபாய்க்கு மேல.

இரண்டாவது காரணம் உயிர். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ள இரண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம்னு ஆய்வில் தெரிய வந்துச்சு. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடுற வண்டியில் படுத்துத் தூங்காதீங்க. இதில் கணக்கு பார்க்க எதுவுமே இல்லை.

சோலார்? மாசத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க

200 வாட் பேனல் ஒண்ணு, நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 600 முதல் 700 வாட் ஹவர் தரும். மாசி, பங்குனி, சித்திரையில் கவலையே இல்லை. ஆனா ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது அதில் கால்வாசி வந்தாலே அதிர்ஷ்டம். இன்னொண்ணு, வெயில் தாங்காம வேனைப் புளிய மரத்தடியில் நிறுத்துவீங்க. பேனலில் பாதி நிழல் விழுந்தாலும் வரவு பாதியை விட அதிகமாவே குறையும். அதனால கூரையில் ஒட்டுற பேனலை விட, எடுத்து வெயிலில் வைக்கிற மடக்கு பேனல் நமக்குத் தோது.

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தர்ற மானியம் இதுக்குக் கிடைக்காது. அது கிரிட்டோட இணைக்கிற வீட்டு இணைப்புக்கு மட்டும். "மானியம் வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா நகர்ந்துடுங்க.

வயல் மோட்டார் கொட்டகை பிளக் பக்கம் போகாதீங்க

டெல்டாவில் எங்க நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு பம்ப்செட் இருக்கும். "ஒரு ஒயர் இழுத்துக்கலாமே"னு தோணும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு கரண்ட் இலவசம். அது விவசாயத்துக்கு மட்டும். வேற வேலைக்கு எடுத்தா, 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. கட்டணத்தை இரண்டு மடங்கா போடுவாங்க. மாட்டிக்கிறது நீங்க இல்லை, நல்ல மனசோட "எடுத்துக்கங்க தம்பி"னு சொன்ன அந்த விவசாயி. ஈரத் தரையில் த்ரீ பேஸ் லைன் பக்கம் கை வைக்கிற ஆபத்து தனி.

அப்ப என்னதான் வாங்கலாம்?

*வருஷத்துக்கு பத்து நாளுக்குக் கீழேன்னா:* 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுற 65 வாட் டைப்-சி கார் சார்ஜர், பிஐஎஸ் முத்திரை உள்ள 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு, சார்ஜ் ஏத்திக்கிற ஃபேனும் லைட்டும். 20,000-னு போட்டிருந்தாலும் கைக்கு வர்றது 60 முதல் 65 வாட் ஹவர்தான்; போனை இரண்டரை முதல் மூணு தடவை ஏத்தலாம். எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம்.

*மாசத்துக்கு இரண்டு மூணு நாள், ஃப்ரிட்ஜும் வேணும்னா:* 12.8 வோல்ட், 100 ஆம்ப் ஹவர் எல்எஃப்பி பேட்டரி சுமார் 30,000. டிசி-டிசி சார்ஜர் சுமார் 10,000. ஒயர், ஃபியூஸ், பெட்டி 4,000. மொத்தம் 44,000 வாக்கில். இதில் 1,280 வாட் ஹவர் இருக்கு. கடைக்குக் கடை விலை மாறும், மூணு இடத்தில் கேளுங்க.

வீட்டு இன்வெர்ட்டரோட பழைய டியூபுலர் பேட்டரியை வேனுக்குள்ள ஏத்தாதீங்க. 50 கிலோவுக்கு மேல வெயிட், ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். படுக்கிற இடத்தில் அது ஆகாது.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட்டில் 1,000 வாட் இன்வெர்ட்டர் ஓடினா கிட்டத்தட்ட 100 ஆம்ப் போகும். மெல்லிய ஒயர்னா அது ஹீட்டர் காயில் மாதிரி சூடாகிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

வண்டியில் நிரந்தரமா எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஆர்டிஓ-விலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுடுங்க. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. சொல்லாம ஒயரிங்கை மாத்தி, நாளைக்கு வண்டி தீப்பிடிச்சா க்ளைம் கேள்விக்குறிதான்.

மீதி 355 நாளும் அந்த பேட்டரி என்ன பண்ணும்?

முடிவை மாத்துற கேள்வி இதுதான்.

2018 நவம்பர் 16 ஞாபகம் இருக்கா? கஜா புயல். ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சுது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. டேங்க்கில் தண்ணி ஏத்த ஊரே காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துச்சு. செல்லில் சார்ஜ் இல்லாம, வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு "உயிரோட இருக்கோம்"னு சொல்லக்கூட வழியில்லாம தவிச்சவங்க எத்தனை பேர்!

அன்னைக்கு ஒரு வீட்டுக்கு என்ன தேவைப்பட்டுச்சு? நாலு போன், இரண்டு லைட், ஒரு ஃபேன், இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். நம்ம வேன் லிஸ்ட்டும் அதேதான். அதே ஒரு யூனிட்!

அதனால வேனில் போல்ட் போட்டு முடுக்காம, கைப்பிடி வெச்ச பெட்டியில் பேட்டரியை வையுங்க. ட்ரிப் முடிஞ்சா அது வீட்டுக்குள்ள வரட்டும். உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாத்த வேண்டிய நேரம் வந்திருந்தா, லித்தியம் செட்டிங் உள்ள இன்வெர்ட்டரா பார்த்து இதையே மாட்டிக்கலாம். எப்படியும் பண்ண வேண்டிய செலவு அது. ட்ரிப்புக்குன்னு தனியா ஆகிறது டிசி-டிசி சார்ஜரும் ஒயரும் மட்டும்தான், 14,000 ரூபாய். சித்திரை வெயிலில் பூட்டின வேனுக்குள்ள பேட்டரியை விட்டுட்டு வராதீங்க. 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்துறது அதுக்கு ஆகாது. சும்மா இருக்கிற நாளில் பாதி சார்ஜில் வையுங்க. புயல் எச்சரிக்கை வந்தா மட்டும் ஃபுல் பண்ணிடுங்க.

கடைசியா மூணு கேள்வி

1. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாட் ஹவர்?
2. வருஷத்துக்கு நிஜமா எத்தனை நாள்?
3. மீதி நாளில் இதுக்கு வீட்டில் என்ன வேலை?

மூணாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா பவர் பேங்க்கோட நிறுத்திக்குங்க. பதில் இருந்தா, கையில் காசு சேர்த்து வாங்குங்க, இஎம்ஐ வேண்டாம். மாசம் 4,364 கட்ட முடியும்னா, அதே தொகையை ஆர்டி-யில் போடுங்க. 11 மாசத்தில் 44,000 தாண்டிடும். அடுத்த பொங்கலுக்கு வேன் ரெடி, கடன் இல்லை.

இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து போட்டுப் பாருங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.